கல்லறைத் தோட்டத்தில் விழுந்து கிடக்கும் மரங்களை நாமே அறுக்கலாமா?

கேள்வி: 4 டிசம்பர் 2018, காலை

வேதாரண்யம் பக்கத்துக் கத்தோலிக்கக் கோவில் பங்கு ஒன்றைச் சேர்ந்தவன். கஜா புயலில் எங்கள் பழைய கல்லறைத் தோட்டத்தில் வேம்பும் புளியுமாக ஒன்பது மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. கூலிக்கு அறுக்கிறவர்கள் எல்லாரும் தென்னந்தோப்புகளில் இருக்கிறார்கள். ஜேசிபியை உள்ளே விட்டு ஒரே நாளில் ஒதுக்கிவிடலாம் என்று பங்குப் பேரவையில் பாதிப்பேர் சொல்கிறார்கள். மரம் அறுக்கும் செயின் மிஷின் வைத்திருக்கும் இளைஞர்களைக் கூட்டி நாமே அறுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் மற்றவர்கள். எது சரி? செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

4 டிசம்பர் 2018, இரவு

செய்து பார்த்திருக்கிறோம். போன சனிக்கிழமை, டிசம்பர் 1 அன்று. பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் விழுந்தவை பதினான்கு மரங்கள். ஏழு மிஷின்கள் வந்தன, ஆட்கள் இருபத்தாறு பேர். காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலை வரை அறுத்தும் ஆறு மரங்களைத்தான் முடிக்க முடிந்தது. மீதிக்கு 15ஆம் தேதி மறுபடியும் கூடுகிறோம்.

முதலில் ஜேசிபி பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. விடாதீர்கள். அந்த வண்டி ஏழு டன்னுக்கு மேல் எடை உள்ளது. பழைய கல்லறைகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டியவை. பலவற்றின் உள்ளே வெற்றிடம் இருக்கும். மேலே ஒன்றுமே தெரியாமல் வெறும் புல்தரையாகக் கிடக்கும் இடத்தின் அடியிலும் குழி இருக்கும். மூன்று வாரமாக ஊறிக் கிடக்கும் மண்ணில் அந்தச் சக்கரம் எங்கே இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. புயல் உடைத்ததைவிட அதிகமாக வண்டி உடைத்துவிடும். நாங்கள் டிராக்டரைக்கூட வாசலுக்கு வெளியே சாலையிலேயே நிறுத்திவிட்டு, வடம் போட்டுத்தான் கட்டைகளை இழுத்தோம்.

அடுத்தது மிஷின். இங்கே மிஷின் இல்லாத தெரு இல்லை, ஆனால் அதை ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தென்னை மட்டுமே அறுத்துப் பழகியவர்கள். தென்னை நேரான மரம், கிளை இல்லை, வெட்டவெளியில் கிடக்கும். கல்லறைத் தோட்டத்தில் விழுந்த வேம்பு அப்படியன்று. ஒரு கிளை சிலுவையின் மேல் அழுந்தியிருக்கும், இன்னொரு கிளை தரையில் ஊன்றி வில்லாக வளைந்திருக்கும், இலைக்குள்ளே கிரானைட் பலகை ஒளிந்திருக்கும். அதனால் அறுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் அரிவாளால் தழை கழிக்கும் வேலைதான் செய்தோம். இலை போன பிறகு தெரிந்த ஒவ்வொரு சிலுவையிலும் சிவப்புத் துணி கட்டினோம். இதைச் செய்யாமல் மிஷினை எடுக்காதீர்கள். செயின் சுற்றி ஓடும் நீண்ட இரும்புப் பட்டையின் நுனியில் மேல்பாதி எதிலாவது தட்டினால் மிஷின் அப்படியே மேலே எகிறி முகத்துக்கு வரும். சிலுவை, கம்பி வேலி, மறைந்திருக்கும் கிளை, எதில் தட்டினாலும் இதுதான் நடக்கும். செயினை நிறுத்தும் பிரேக் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு மிஷினையும் காலையிலேயே சோதித்தோம். இரண்டு மிஷின்களைத் திருப்பி அனுப்பினோம். அனுப்பப்பட்டவர்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் ஒருவர் திரும்பி வந்து மாலை வரை கட்டை சுமந்தார்.

கட்டை கல்லறைமேல் விழாமல் இருக்க நாங்கள் கண்ட வழி வாழைமரம். தோப்புகளில் வாழை முழுவதும் படுத்துவிட்டதால் அதற்குப் பஞ்சமே இல்லை. ஒரு கை நீளத் துண்டுகளாக வெட்டி, அறுக்கப்போகும் கட்டைக்கும் கல்லறைக்கும் நடுவில் இரண்டு அடுக்காகத் திணித்தோம். கட்டை இறங்கும்போது வாழைத்தண்டு நசுங்கி நீர் பீய்ச்சுமே தவிர, கல்லுக்கு ஒரு கீறலும் இல்லை.

மரத்தை அறுக்கும் முறை: மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் வெட்டிவிட்டு, பிறகு அடியிலிருந்து மேல்நோக்கி அறுத்து முடியுங்கள். அப்போதுதான் மிஷினின் பட்டை சிக்காது.

5 டிசம்பர் 2018, மதியம்

நேற்று எழுதியதில் கடைசிப் பத்தி தவறு. பாதிக்குத்தான் பொருந்தும், மீதிப் பாதியில் ஆளைக் கொன்றுவிடும். யாராவது அதை மட்டும் படித்துவிட்டுப் போயிருக்கக் கூடாது என்று காலையிலிருந்து மனம் அடித்துக்கொண்டிருக்கிறது.

மரம் எப்படித் தாங்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து வெட்டு மாறும். கட்டையின் இரண்டு முனைகளும் எதன்மேலாவது இருந்து நடுப்பகுதி தொங்கினால், மேல்பக்கம் நெருக்கப்பட்டிருக்கும், அடிப்பக்கம் இழுபட்டிருக்கும். அங்கே நான் சொன்னபடி முதலில் மேலே கொஞ்சம், பிறகு அடியிலிருந்து. ஆனால் ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் எல்லாம் தலைகீழ். அங்கே இழுபட்டிருப்பது மேல்பக்கம். அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு முதலில் வெட்ட வேண்டும், பிறகுதான் மேலிருந்து. முறை மாறினால் கட்டை நீளவாக்கில் பிளந்து அறுப்பவர்மேல் பாயும்.

கல்லறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டைக்கு அடியில் கல் இருக்கும்போது அடிவெட்டு வெட்ட இடமே இருக்காது. செயின் ஒரே ஒரு முறை கிரானைட்டில் உரசினால் எல்லாப் பல்லும் மழுங்கிப்போகும்; கல்லிலும் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். அப்படிப்பட்ட இடங்களில் மேலிருந்து அறுத்துக்கொண்டே வெட்டுவாயில் மர ஆப்புகளை இறக்கினோம். வாய் மூடாமல் இருந்தது. கடைசி இரண்டு அங்குலத்தைக் கைரம்பத்தால் முடித்தோம். ஒரு கட்டைக்கு இருபது நிமிடம் கூடுதலாகும். ஆகட்டும்.

பெட்ரோல் கலவை பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி. உங்கள் மிஷினின் கையேடு வேறு அளவு சொன்னால் அதைத்தான் கேட்க வேண்டும். ஆள் மாறி ஆள் பெட்ரோல் ஊற்றும் கூட்டத்தில் வெறும் பெட்ரோல் உள்ளே போய்விடுவது எளிது. கலந்த கேனில் மட்டும் பச்சைக் கயிறு கட்டி வைத்தோம்.

7 டிசம்பர் 2018, இரவு

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். கேள்வி கேட்டவருக்கு உண்மையாகப் பயன்பட வேண்டுமானால் எழுதித்தான் ஆக வேண்டும்.

1ஆம் தேதி பிற்பகல், தோட்டத்தின் வடக்குச் சுவர்மேல் விழுந்து கிடந்த தூங்குமூஞ்சி மரத்தில் வேலை செய்துகொண்டிருந்தோம். சுவர் பன்னிரண்டு அடி நீளத்துக்கு இடிந்து, செங்கல்லும் கருங்கல்லும் இரு பக்கமும் சிதறிக் கிடந்தன. பெரிய கிளை ஒன்று உருளப் பார்த்தது. முட்டுக் கொடுக்க உடனடியாக ஏதாவது வேண்டியிருந்தது. வாழைத்துண்டுகள் தொலைவில் இருந்தன. இடிபாட்டிலிருந்து தட்டையான கல் ஒன்றை நான்தான் எடுத்து, கிளைக்கு அடியில் செருகினேன். கிளை இறங்கியபோது கல் இரண்டாகப் போனது. சுவர்க் கல்தானே என்று நான் பொருட்படுத்தவில்லை.

மாலையில் சாமான்களை ஒதுக்கும்போது அந்தத் துண்டுகளை நிமிர்த்தினேன். கல்லைவிட முதலில் நான் பார்த்தது அது பதிந்திருந்த சேற்றை. ஈரச் சேற்றில் எழுத்துகள் இடம் வலமாக மாறி, அச்சுக்கட்டை போலப் புடைத்து நின்றன. கல்லைத் துடைத்தபோது ‘அருமைப் பிள்ளை’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே ‘வயது 3’. ஆண்டு, பெயர் இருக்க வேண்டிய மேல்பகுதி இல்லை. ‘ளை’ பழைய முறையில், யானையின் தும்பிக்கையைச் சுருட்டியது போன்ற கொம்போடு வெட்டப்பட்டிருந்தது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கல்லாகத்தான் இருக்க வேண்டும்.

புயல் அந்தக் கல்லை ஒருமுறை உடைத்தது. நான் இன்னொரு முறை உடைத்தேன். இரண்டு துண்டுகளும் இப்போது கோவில் தாழ்வாரத்தில் சாக்கு விரித்து வைக்கப்பட்டுள்ளன. அது எந்தக் கல்லறையுடையது என்று எங்கள் வரிசைகள் முழுவதும் தேடிவிட்டோம். கிடைக்கவில்லை.

ஆகவே கேட்டவருக்கு: அறுக்கப் போகும் நாளுக்கு முந்தைய நாளே இரண்டு பேரை அனுப்பி, தரையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்து இருந்தால் கிடந்த இடத்திலேயே வைத்துப் படம் எடுத்து, சுண்ணாம்புக்கட்டியால் பின்புறத்தில் எண் போட்டு, பிறகு நகர்த்துங்கள். எந்தக் கல்லையும் முட்டுக் கொடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று மிஷின் கிளம்புமுன் எல்லார் முன்னிலையிலும் சொல்லுங்கள். முதல் நோட்டில் சிலுவைக்குத் துணி கட்டுவதைப் பற்றி அவ்வளவு விரிவாக எழுதினேன். நிற்கும் கல்லை மட்டும் நினைத்தேன். விழுந்து கிடக்கும் கல்லை நினைக்கவில்லை.

8 டிசம்பர் 2018

கல்லை முட்டுக் கொடுத்தது பற்றிக் கேட்டவர்களுக்கு: ஆம், அது நான் மட்டும் செய்த தவறு. உடன் இருந்த பையன்களைச் சொல்லாதீர்கள். அவர்கள் வாழைத்துண்டு எடுக்கத்தான் ஓடினார்கள்.

10 டிசம்பர் 2018, காலை

‘கூரை இல்லாமல் மக்கள் தார்ப்பாய்க்குள் கிடக்கும்போது செத்தவர்களுக்கு எதற்கு இத்தனை ஆள்?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோபமான கேள்வி, ஆனால் நேர்மையானது. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

புயல் நவம்பர் 16 விடியுமுன் கரையேறியது. முதல் வாரம் இந்த ஏழு மிஷின்களும் சாலையில்தான் ஓடின. அதன்பிறகு வீடுகளின்மேல் விழுந்தவை, பிறகு மின்வாரிய ஊழியர்கள் கம்பம் நட வழி, பிறகு தோப்பு. விழுந்த தென்னைக்கு அரசு அறிவித்தது மரத்துக்கு 600 ரூபாய், அறுத்து அகற்ற 500 ரூபாய். அறுகூலியே அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அகற்றாமலும் விட முடியாது, கிடக்கும் கட்டையில் காண்டாமிருக வண்டும் கூன்வண்டும் பெருகி, தப்பித்த தென்னைகளையும் முடித்துவிடும். அதனால் தங்கள் தோப்பை விட்டுவிட்டு ஒரு நாள் இங்கே வந்தவர்கள் அனைவரும் பணத்தை விட்டுவிட்டு வந்தவர்கள்தான்.

ஆனாலும் வந்தார்கள், காரணம் இதுதான். புயலுக்கு ஐந்தாம் நாள் எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இறந்துபோனார். தோட்டத்து வாசலிலிருந்து குழி வரை நாற்பதடி தூரம். வழியில் மூன்று மரங்கள் குறுக்கே கிடந்தன. பெட்டியைச் சுமந்தவர்கள் ஒவ்வொரு மரத்தின்மேலும் ஏறி நின்று, பெட்டியை மேலே இருப்பவர்களிடம் கொடுத்து, மறுபக்கம் இறங்கி மறுபடியும் வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டாவது மரத்தில் ஈரப் பட்டை வழுக்கிப் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவருடைய மகன் கீழே நின்று இரண்டு கைகளாலும் அதைத் தாங்கிய நிலையை அன்று பார்த்த யாருக்கும் உங்கள் கேள்வி எழாது. கல்லறைத் தோட்டம் செத்தவர்களுக்கு மட்டுமான இடமன்று. அடுத்த சாவு எந்த வீட்டில் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். புயலுக்குச் சரியாகப் பதினான்கு நாள் முன்பு ஒவ்வொரு குடும்பமும் வந்து புல் செதுக்கி, வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போன இடம் அது. மரத்தூளைக் கூட்டும்போது, கல்மேல் உருகி உறைந்திருந்த மெழுகில் தூள் ஒட்டிக்கொண்டு பெயரவே மாட்டேன் என்றது.

16 டிசம்பர் 2018, இரவு

நேற்று இரண்டாம் கூட்டம் முடிந்தது. ஒன்பது மிஷின்கள், நாற்பத்தொரு ஆட்கள். மீதி எட்டு மரங்களும் முடிந்தன. ஒருவருக்கும் காயமில்லை, ஆனால் காயமில்லாமல் போனது ஒரு கணத்தில்தான்.

வேரோடு சாய்ந்த வேம்பு ஒன்று. வேர்த்தட்டு ஆளுயரத்துக்கு மேல் செங்குத்தாக எழுந்து நின்றது, அதனடியில் குழி. ஒரு கல்லறையின் செங்கல் அடித்தளம் அப்படியே வேரோடு பெயர்ந்து, தட்டில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. சாய்ந்த மரத்தின் உடலை அறுத்து எடுத்துவிட்டால், வேர்த்தட்டு தன் மண் பாரத்தால் மறுபடியும் குழிக்குள் போய் உட்கார்ந்துவிடும். சில மரங்களில் மெதுவாக, சில மரங்களில் எலிப்பொறி மூடுவதுபோல. இது எங்களுக்குத் தெரியும். தெரிந்ததனால் அடிமரத்தை ஐந்தடி நீளம் விட்டுவிட்டு அறுப்பது என்றும், அந்த ஐந்தடியைச் செயின் புல்லி போட்டுப் பிடித்துக்கொண்டு தட்டைச் சிறிது சிறிதாக இறக்குவது என்றும் பேசி வைத்திருந்தோம்.

மிஷின் பாதி ஆழம் போனபோது, குழி வெட்டும் பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பள்ளிக்கூடம் போகிற வயதுப் பையன் ஒருவன் வேர்த்தட்டின் பின்னால் குழிக்குள் இறங்கி நின்றிருந்தான். கல் தேடுகிறேன் என்றான். கல்லைத் தேடுங்கள் என்று எல்லாரிடமும் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான்.

அவனை வெளியே தூக்கிய பிறகு அரைமணி நேரம் யாரும் மிஷினைத் தொடவில்லை. பிறகு விதியை மாற்றினோம்: வேர்க்குழியைச் சுற்றிக் கயிறு கட்டி, அறுப்பு முடியும்வரை அதற்கென்றே ஒருவர் நிற்க வேண்டும், அவர் கையசைத்தால் மட்டுமே மிஷின் ஓட வேண்டும். சிறுவர்கள் தோட்டத்துக்குள்ளேயே வரக் கூடாது. 7ஆம் தேதி நோட்டில் கல் தேடுவது பற்றி நான் எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். தேடல் முந்தைய நாளில் மட்டும். மிஷின் ஓடத் தொடங்கிவிட்டால் தேடல் இல்லை.

வேர்த்தட்டு கடைசியில் நல்லபடியாக இறங்கியது. புல்லியை ஒவ்வொரு பல்லாகத் தளர்த்தி, இருபது நிமிடத்தில். இறங்குமுன் குழியில் வெளிப்பட்டிருந்த எலும்புகளைப் பங்குத்தந்தை வெள்ளைத் துணியில் எடுத்து வைத்தார். மாலையில் அதே இடத்தில் செபம் சொல்லி மறுபடியும் புதைத்தோம். செங்கல் அடித்தளம் இரண்டங்குலம் விலகித்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்குமேல் அதைத் தொட வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

17 டிசம்பர் 2018

மரத்தை என்ன செய்தோம் என்று கேட்டவர்களுக்கு. கல்லறை மரத்தை அடுப்பெரிக்கக் கொண்டுபோக ஒருவரும் முன்வரவில்லை. வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்ற எண்ணம் இங்கே ஆழமாக இருக்கிறது, அதை வாதாடி மாற்ற நான் முயலவில்லை. இரண்டு வேப்பங்கட்டைகளை மட்டும் பலகையாக அறுத்து, குழியருகே பெட்டியை இறக்கி வைக்க ஒரு மேடையும் பெண்கள் உட்கார இரண்டு பெஞ்சுகளும் செய்யத் தச்சரிடம் கொடுத்திருக்கிறோம். மீதியை வெளியூர் மரவாடிக்கு விற்றோம். புளியங்கட்டை கறிக்கடையில் கறி வெட்டும் கட்டைக்குப் போகிறது என்று வாங்கியவர் சொன்னார். வந்த பணம் பெட்ரோலுக்கும், அரத்துக்கும், இரண்டு புதிய செயினுக்கும் சரியாகப் போனது. புளியமரத்தில் எப்போதோ அடித்த வேலி ஆணி ஒன்று உள்ளே புதைந்திருந்து ஒரு செயினை அறுத்துவிட்டது. பழைய மரங்களில், ஆள் உயரம் வரையாவது, பட்டையைச் செதுக்கிப் பார்த்துவிட்டு அறுங்கள்.

24 டிசம்பர் 2018

கல்லின் மேல்பகுதி கிடைத்துவிட்டது. எங்கே கிடைத்தது என்பதைச் சொல்ல, அந்த வடக்குச் சுவர் என்ன சுவர் என்பதைச் சொல்லியாக வேண்டும். இதுவரை ‘சுவர்’ என்று மட்டும் எழுதிக் கடந்துவிட்டேன்.

அது தோட்டத்தின் எல்லைச்சுவர் அன்று, நடுச்சுவர். இந்தப் பக்கம் எங்கள் குடும்பங்கள். அந்தப் பக்கம் தலித் கிறித்தவக் குடும்பங்கள். ஒரே பங்கு, ஒரே பூசை, இரண்டு வாசல். நான் பிறப்பதற்கு முன்பே கட்டியது. தமிழ்நாட்டில் இப்படிச் சுவர் வைத்த கல்லறைத் தோட்டம் எங்களுடையது மட்டுமன்று என்பது படிக்கிற எல்லாருக்கும் தெரியும்.

தூங்குமூஞ்சி அந்தச் சுவரின்மேல் குறுக்கே விழுந்ததால், அடிமரம் எங்கள் பக்கமும் கிளைகள் அந்தப் பக்கமுமாகக் கிடந்தன. ஒரு பக்கம் மட்டும் நின்று அதை அறுக்க வழியே இல்லை. இந்த முனையில் பாரம் குறைந்தால் அந்த முனை எழும்பும். ஆகவே இரு பக்கத்தாரும் கையடையாளம் பேசிக்கொண்டு, மாறி மாறி அறுத்தார்கள். வந்திருந்த மிஷின்களில் நான்கு அந்தப் பக்கத்தாரின் தெருவினுடையவை. முன் நோட்டுகளில் அதை நான் பிரித்து எழுதாததற்குக் காரணம், வேலையில் பிரிவு இல்லாமல் இருந்ததுதான். ஆனால் கல்லைத் தேடும்போது நான் என்ன செய்தேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ‘எங்கள் வரிசைகள் முழுவதும் தேடிவிட்டோம்’ என்று 7ஆம் தேதி எழுதியிருக்கிறேன். எங்கள் வரிசைகள். சுவர் இடிந்து திறந்து கிடந்தது, பத்தடி எடுத்து வைத்தால் அந்தப் பக்கம், அங்கே போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

நேற்று அந்தத் தெரு அண்ணன் ஒருவர் தாழ்வாரத்தில் துண்டுகளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய், சாக்கில் சுற்றி மேல்பகுதியைக் கொண்டுவந்தார். சுவரை ஒட்டி நின்ற குழந்தைக் கல்லறை. சுவர் இடிந்து விழுந்ததில் முறிந்திருக்கிறது. மூன்று துண்டுகளையும் தரையில் சேர்த்து வைத்தோம். பொருந்தியது. பெண் குழந்தை, 1956. பங்கின் இறந்தோர் பதிவேட்டிலும் அந்த ஆண்டில் அந்தப் பெயரும் வயதும் இருக்கின்றன. குடும்பத்தின் அனுமதி கேட்காமல் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

பேரவையில் இப்போது சுவரைத் திரும்பக் கட்டுவது பற்றிப் பேச்சு நடக்கிறது. என் நிலையை வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன். கட்டக் கூடாது. இடியாமல் நிற்கும் மீதியையும் எடுக்க வேண்டும். பெரியவர்கள் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

10 பிப்ரவரி 2019

கல்லைத் திரும்ப நிறுத்திவிட்டோம். எப்படி என்று மூன்று பேர் கேட்டிருந்ததால் எழுதுகிறேன்.

சிமெண்ட் வேண்டாம் என்று கொத்தனார் பெரியவர் முதலிலேயே சொல்லிவிட்டார். இந்தக் கல்லறைகளின் அடித்தளம் சுண்ணாம்புக் காரை. ஈரத்தை வாங்கி வெளியே விடும் தன்மை அதற்கு உண்டு. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, இரண்டு மூன்று மழைக்காலத்தில் பழைய செங்கல் பொரிந்து உதிரும். சிமெண்ட் அப்படியே நிற்கும், அது பிடித்திருந்த செங்கல் போய்விடும். பேராவூரணியிலிருந்து நீற்றிய சுண்ணாம்பு வாங்கிவந்து, சலித்த மணலோடு சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து அரைத்தார். நான்கு நாள் புளிக்க வைத்தார். துண்டுகளின் முறிந்த முகங்களைப் பனைநார்த் தூரிகையால் தேய்த்து, நீர் தெளித்து, சுண்ணாம்பு வைத்து ஒட்டி, ஈரச்சாக்கு போட்டு மூடினார். தினமும் காலையும் மாலையும் நனைப்பது என் வேலையாக இருந்தது, பதினைந்து நாள்.

இரண்டு ஒட்டுகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. மேலேயுள்ளது புயல் உடைத்தது, சற்று நேர்க்கோடு. கீழேயுள்ளது நான் உடைத்தது, ‘வயது’ என்ற சொல்லுக்கு நடுவே போகிறது.

கேள்வி கேட்ட வேதாரண்யம் நண்பர் தங்கள் தோட்டத்தில் ஜனவரியில் ஐந்து மிஷின்களோடு முடித்துவிட்டதாகவும், கற்களை முந்தைய நாளே எண்ணிட்டதில் இருபத்திரண்டு துண்டுகள் தப்பியதாகவும் எழுதியிருக்கிறார். வாழைத்தண்டுக்குப் பதிலாக அவர்கள் பழைய டயர்களை வைத்தார்களாம். டயர் எகிறாதா என்று எனக்கு ஐயம் இருந்தது. மணல் நிரப்பிப் படுக்கவைத்தால் எகிறவில்லை என்கிறார். சரி, அப்படியானால் டயரும் ஆகும்.

3 நவம்பர் 2019

நேற்று கல்லறைத் திருநாள். சுவரின் இடிந்த பன்னிரண்டு அடி இன்னும் கட்டப்படவில்லை, மீதியும் இன்னும் எடுக்கப்படவில்லை. பேரவை மூன்று முறை கூடி மூன்று முறையும் ஒத்திவைத்துவிட்டது. ஆனால் நேற்று மாலை கல்லறைகளை மந்திரிக்கப் பங்குத்தந்தை எங்கள் வாசல் வழியாக வந்து, அந்தத் திறப்பு வழியாகவே நடந்து, அந்தப் பக்கம் போனார். தீர்த்தம் பிடித்துக்கொண்டு பீடச்சிறுவர்கள் பின்னால் போனார்கள். கூட்டத்தில் பாதிக்குமேல் அவர்களோடு போனது. நானும் போனேன். அந்தப் பக்கம் நின்று எங்கள் குடும்பக் கல்லறையைப் பார்த்தது அதுதான் முதல் முறை.

அந்தக் குழந்தையின் தங்கை வந்திருந்தார். திருச்சியில் மகளோடு இருக்கிறார், அறுபது வயதுக்கு மேல். அக்காளைப் பார்த்ததே இல்லை, இவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு அந்தச் சாவு. நான் போய், கீழ்ப்பக்க முறிவு என்னால் நேர்ந்தது என்று சொன்னேன். அவர் சற்று நேரம் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஒடச்சது யாருன்னு இதுவரைக்கும் யாரும் வந்து சொன்னதில்லைங்க. நீங்க வந்து சொல்றீங்க” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. குனிந்து ஒட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். ‘து’வின் கீழ்வளைவு அருகே சுண்ணாம்பு ஓர் அரிசியளவு உதிர்ந்திருப்பதை அவர்தான் கண்டார், இத்தனை மாதம் போய் வந்தும் நான் கவனிக்கவில்லை.

கொத்தனார் பெரியவரிடம் இன்று காலை சொன்னேன். மழை ஓயட்டும், தை பிறந்ததும் புதுச் சுண்ணாம்பு அரைத்துப் பூசித் தருகிறேன் என்றார். கடுக்காய் என்னிடம் இருக்கிறது.